மூச்சுக்கு இரண்டு இன்ச்

"யாருக்கு?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"யாருக்கும் இல்லடி. நாற்காலிக்கு மேல சும்மா தொங்கணும். ஏழு அங்கி. கழுத்து தைச்சு மூடியிருக்கணும், கை நுனியும் மூடியிருக்கணும்."

"அளவு?"

"அளவு எதுக்கு? உள்ள ஆளே இல்லையே."

"ஆள் இல்லாம தைக்கறதுக்குப் பேரு தலையணை உறை. அதுக்கு நான் எதுக்கு?"

போனின் அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். தங்கை புரியாமல் பேசுகிறாள், பரவாயில்லை, பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்கிற பெருந்தன்மையான சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அவளுக்குக் கையிலிருக்கும் கத்தரிக்கோலை எங்காவது குத்தி வைக்க வேண்டும்போல இருக்கும்.

பேசி மூன்று வாரம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை மதியம், கூடத்தில் நான்காவது நாற்காலிக்கு முன்னால் நின்றபடி, அந்தப் பேச்சை வரிவரியாக அவள் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் ஒரு சுருக்கம். அங்கியின் வலது முழங்கையில், உள்பக்கம், விசிறி மாதிரி விரிந்த நாலைந்து கோடுகள். முந்தின நாள் மாலை அவளே கழற்றி மறுபடி இஸ்திரி போட்டு, தோளில் இரண்டு நூல் கட்டி, விட்டத்துக் கொக்கியில் மாட்டிய அங்கி அது.

துணியில் விழும் சுருக்கம் மூன்று வகை. மடித்து வைத்தால் நேர்கோடாக விழும். தொங்கவிட்டால் தோளிலிருந்து சரிந்து விழும். மூன்றாவது வகை, உள்ளே ஒரு கை இருந்து, அந்தக் கை மடங்கி நிமிர்ந்தால் மட்டும் விழும். பத்தொன்பது வருடமாகத் தெருவே 'டைலரம்மா' என்று கூப்பிடும் ஒருத்திக்கு இதில் சந்தேகம் வர வழியில்லை.

'போட்டோ எடுக்க எவளுக்காவது மாட்டி விட்டிருப்பாள்,' என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகத்தைவிடக் கோபம் சௌகரியமாக இருந்தது. குனிந்து கை நுனியைப் பார்த்தாள். தையல் அப்படியே இருந்தது. கழுத்தும் அப்படியே. முன்பக்கத்துப் பட்டன்கள் வெறும் அலங்காரம், காஜா துளை எடுக்காமல் துணியோடு சேர்த்துத் தைத்தவை. இதற்குள் ஒருவர் நுழைய வேண்டுமென்றால் எங்காவது பிரித்தாக வேண்டும். எங்கும் பிரித்திருக்கவில்லை.

"அக்கா, இதை யாருக்குப் போட்டு விட்ட?"

தரையில் உட்கார்ந்து நாற்காலிகளைச் சுற்றி உப்பால் வட்டம் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாரும் தொடலைடி. தொட்டா அந்த வெறுமை போயிடும்."

வெறுமை. வந்த நாளிலிருந்து இந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லிவிடுகிறாள். போனில் யார் யாரிடமோ வெளி, இன்மை, நினைவின் உடல் என்றெல்லாம் அளக்கிறாள். அளக்கிறவளின் கால்சட்டை விளிம்பு பிரிந்து ஊக்கு குத்தியிருக்கிறது. சொந்த விளிம்பை மடித்துத் தைக்கத் தெரியாதவள் ஊருக்கு வெறுமையைக் காட்டப் போகிறாளாம். கண்காட்சி என்று அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்துக்கு நாலு பேர் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வந்து, தலையைச் சாய்த்து, "ம்ம்" என்று சொல்லிவிட்டுப் போகப் போகிறார்களாம்.

அங்கிகளுக்கு வீட்டிலிருந்த பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத்தான் வெட்டினார்கள். தைத்து முடித்ததும் அக்கா அவற்றை டீத்தூள் கொதித்த தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கினாள். பழசு மாதிரி தெரிய வேண்டுமாம். அப்பாவும் அம்மாவும் படுத்த படுக்கையாகக் கிடந்த பதினொரு வருடமும் அதே விரிப்புகளை வெள்ளையாக வைத்திருக்க அவள் விரல் தேயத் துவைத்தாள். அப்போது அக்கா எங்கே இருந்தாள் என்று கேட்டால், அதுவும் ஒரு வெறுமைதான்.

தினமும் நாலு மணிக்கு அக்கா அந்தச் சடங்கைச் செய்தாள். சடங்கு என்றால் யாரும் சொல்லிக்கொடுத்த சடங்கு இல்லை, அவளாகக் கற்பனை செய்தது. நாற்காலிகளின் காலடியில் இருந்த ஏழு கிண்ணங்களில் தண்ணீரை மாற்றுவாள். ஜன்னலைச் சாத்துவாள். உப்பு கலையாமல் கால் வைத்து ஒவ்வொரு அங்கியிடமும் போய், தைத்து மூடிய கழுத்துக்கு அருகில் வாயை வைத்து, "வாங்க, உக்காருங்க" என்பாள். ஏழு தடவை. கண்காட்சிக்கு முன்னால் பத்து நாள் இப்படிச் செய்தால் அறைக்கே ஒரு கனம் வந்துவிடும் என்று சொன்னாள்.

"நிஜமாவே வந்துட்டா காபி யாரு போடறது?" என்று அவள் முதல் நாள் கேட்டாள்.

"நீதான்," என்றாள் அக்கா, யோசிக்காமல்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் அவளுடைய பத்தொன்பது வருடமும் மடித்து வைத்தது மாதிரி அடங்கியிருந்தது. அக்காவுக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பதினாறு. அக்கா ஓவியக் கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் இவளும் செருப்பு போட்டுக்கொண்டு கூடத்தில் தயாராக நின்றாள். ஒரே ஒரு வாக்கியம் கேட்க வேண்டியிருந்தது. அது தொண்டை வரை வந்தது. அக்கா வாசலில் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அன்று விழுங்கிய வாக்கியம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. திங்கட்கிழமை வீட்டை இடிக்க ஆட்கள் வருகிறார்கள். அன்று மாலை ரயிலில் அக்கா போய்விடுவாள். இவளுடைய தையல் மெஷினுக்குத் துணிக்கடைக்காரர் வீட்டுப் பின்னறையில் இடம் பேசியாகிவிட்டது. மெஷினுக்கு இடம் இருந்தால் அவளுக்கும் இருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். கேட்பதானால் திங்களுக்குள் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன் என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். அக்காவிடம் போய்க் கெஞ்சுவதா? ஊக்கு குத்திய கால்சட்டையிடமா?

வெள்ளிக்கிழமை காலை அவளாகவே கூடத்துக்குப் போனாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் அங்கியின் வலது கை நுனியில் வெள்ளையாக ஏதோ தூள் ஒட்டியிருந்தது. உப்பு என்று தட்டிவிடப் போனவள், விரலில் தேய்த்ததும் நிறுத்தினாள். உப்பு நறநறக்கும். இது மாவு மாதிரி வழுக்கியது. சாக்பீஸ். மூன்றாவது அங்கியில் மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும் நூல் இழுபட்டுத் தொங்கியது. யாரோ பேசும்போதெல்லாம் பிடித்துத் திருகியது மாதிரி.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்தப் பட்டனைத் திருகுகிற ஆளை அவளுக்குத் தெரியும்.

அளவு வேண்டாம் என்று அக்கா சொன்னது அக்காவுக்குச் சுலபம். அளவில்லாத துணியில் அவளுக்குக் கத்தரிக்கோல் ஓடாது. தோள் எங்கே முடிகிறது, கை எவ்வளவு நீளம் என்று ஒரு உடம்பு மனதில் நின்றால்தான் கை அசையும். அதனால் அளவு நோட்டை எடுத்தாள். இனி வரவே மாட்டார்கள் என்று ஆன வாடிக்கையாளர்களின் பக்கங்களை அவள் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து வைப்பது வழக்கம். அப்படி ஆறு பக்கம் இருந்தது. உயிரோடிருக்கிற ஒருவருடைய அளவை இந்தக் கூத்துக்குக் கொடுப்பானேன் என்று நினைத்து, அந்த ஆறையும் எடுத்துக்கொண்டாள். இடது தோள் இறங்கிய பள்ளிக்கூட டீச்சர். பட்டனைத் திருகும் மருந்துக்கடைக்காரர். மற்ற நான்கு பேர். ஏழாவதுக்கு அடித்த பக்கம் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். பதினாறு வயதில், டேப்பை எப்படிப் பிடிப்பது என்றே சரியாகத் தெரியாமல், அக்காவை நிற்க வைத்து எடுத்த அளவு. இடுப்பு இருபத்தாறு.

இன்னொரு தப்பும் நடந்திருந்தது. மார்புச் சுற்றளவுக்கு மேல் இரண்டு இன்ச் லூஸ் விட்டுத்தான் எந்த டைலரும் வெட்டுவான். அந்த இரண்டு இன்ச் மூச்சுக்கு. அது இல்லாவிட்டால் போட்டவர் இழுத்து மூச்சு விட முடியாது. தலையணைக்கோ பொம்மைக்கோ அது தேவையில்லை. ஆனால் கைப்பழக்கம். ஏழு அங்கியிலும் அவள் மூச்சுக்கு இடம் விட்டு வைத்திருந்தாள்.

மதியம் விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். ஏணியில் ஏறி இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டார். நாற்காலிகளுக்கு முதுகு காட்டி வேலை செய்ய முடியவில்லை என்றும், வாசல் பக்கமிருந்தே வயரை இழுத்துக்கொள்வதாகவும் அக்காவிடம் சொன்னார். அக்காவுக்குப் பரம சந்தோஷம். அதை அப்படியே போனில் யாருக்கோ சொன்னாள். "சாதாரண மனுஷங்களையே இது தொடுது பாருங்க." எலக்ட்ரீஷியன் அவளைத் தாண்டிப் போகும்போது தணிந்த குரலில், "டைலரம்மா, அந்தத் துணியெல்லாம் துவைச்சு மாட்டக் கூடாதா? வேர்வை நாத்தம் தாங்கல," என்றார்.

உண்மைதான். அவளும் அதைக் காலையிலேயே கவனித்திருந்தாள். டீத்தூள் வாசனைக்கு அடியில், மூடிய அறையில் பலர் வெகு நேரம் உட்கார்ந்திருந்தால் வருகிற வாடை. ஒரு அங்கியின் அக்குளில் கை வைத்துப் பார்த்தாள். ஈரம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா கிளம்பினாள். கண்காட்சி நடத்துகிறவரை ரயிலடியிலிருந்து அழைத்து வர வேண்டுமாம். ஆறு மணிக்குள் வந்துவிடுவேன் என்றாள். வாசலில் நின்று பையைத் துழாவியபடி, "நாலு மணிக்கு நீ ஒரு தடவை சொல்லிடுடி. இன்னிக்கு ஒரு நாள் விட்டா அறுந்துடும்," என்றாள்.

"எது அறுந்துடும்? நூலா?"

"நீ திருந்தவே மாட்ட," என்று சிரித்தபடி போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வழக்கமில்லை.

கதவு சாத்திய பிறகு வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எங்கோ குழாய் சொட்டுவது, வெயிலில் காய்ந்த மரம் முறிகிற மாதிரி ஒரு சொடக்கு, தூரத்தில் ஒரு லாரி பின்னால் எடுக்கும்போது போடுகிற கூவல், இவற்றுக்கெல்லாம் அடியில், காதை வைத்துக் கேட்டால் இருக்காது, கேட்காமல் இருந்தால் இருக்கும் என்கிற மாதிரி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற ஏதோ ஒன்று. கூடத்து நிலையில் நின்று பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றில்லை. ஏழு அங்கிகளின் மார்பும் லேசாகப் புடைத்தன. பிறகு அடங்கின. பிறகு புடைத்தன.

ஓடியிருக்கலாம். தெருவில் வெயில் இருந்தது, ஆள் நடமாட்டம் இருந்தது. ஆனால் ஓடிப்போய் யாரிடம் என்ன சொல்வது? நானே தைத்த துணி மூச்சு விடுகிறது என்றா? அக்கா கேட்டால் கைதட்டுவாள். தங்கச்சியையும் தொட்டுவிட்டது என்று போன் போட்டுச் சொல்வாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுப்பதைவிடக் கூடத்துக்குள் போவது மேல் என்று அவளுக்குப் பட்டது.

தப்பு தன்னுடையது. கலையும் இல்லை, வெறுமையும் இல்லை. இரண்டு இன்ச் லூஸ். உள்ளே மடித்துப் பிடித்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது.

ஊசியில் இரட்டை நூல் கோத்துக்கொண்டு உப்பு வட்டத்தைத் தாண்டினாள். டீச்சரின் அங்கியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு பிடிப்பு, அக்குளிலிருந்து இடுப்பு வரை, இறுக்கி. அருகில் சாக்பீஸ் வாடையும் வயதானவர் வாயின் வாடையும் வந்தன. கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது அங்கி ஒரு தடவை விக்கியது. குழந்தைக்குச் சோறு அடைத்தால் வருகிற சின்னச் சத்தம். பிறகு அசையவில்லை.

"உங்களுக்கு நான் கடைசியா தைச்ச ரவிக்கையைக்கூடச் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினீங்க டீச்சர்," என்று அவள் சத்தமாகச் சொன்னாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

இரண்டாவது. மூன்றாவதில் பட்டன் அவள் கண் முன்னாலேயே மெதுவாகத் திரும்பியது. பார்க்காமல் தைத்தாள். விக்கல். அமைதி. நான்காவதன் முழங்கை அவள் மணிக்கட்டில் உரசியது. சூடாக இருந்தது. ஐந்தாவது தைக்கும்போது ஊசி எதிலோ குத்தி நின்றது, துணியைவிடத் தடிப்பான எதிலோ. அழுத்தினாள். உள்ளே போனது. ஆறாவதில் அவள் கை வழக்கமான வேகத்துக்கு வந்துவிட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

ஏழாவதுக்குப் போனபோது போன் அடித்தது. அக்கா.

"ரயில் லேட்டுடி. வர ஏழாகும் போல. நாலு மணிக்குச் சொன்னியா?"

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. "இல்ல."

"ஏண்டி..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்தினாள். "ரெக்கார்ட் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எனக்குப் பிடிக்கலடி. நேர்ல சொல்லணும்."

"என்ன ஸ்பீக்கர்?"

"பின்னாடி கேக்குதே. வா, உக்காருன்னு. என் குரல்தானே அது? இவ்வளவு சின்னப் பொண்ணு மாதிரி எப்படிடி மாத்தின?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி காதில் வைத்தாள். அக்கா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்புக்கும் ரயிலடிக்கும் நடுவில், மிக அருகிலிருந்து, இருபத்திரண்டு வயதுக் குரல் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. வா. உக்காரு. வா.

போனை அணைத்தாள்.

ஏழாவது கொக்கியில் இரண்டு நூல் மட்டும் தொங்கின. நுனி அறுந்து.

நாற்காலி காலி.

அவள் திரும்பவில்லை. முதலில் திரும்பவில்லை. பின்னால் வாசல் கதவின் தாழ் விலகுகிற சத்தம். மாலை வெயில் தரையில் நீளமாக வந்து விழுந்தது. அந்த வெயிலுக்கு நடுவில் ஒரு நிழல். தோள், இடுப்பு, கால் வரை தொங்கும் விளிம்பு. தலை இல்லை.

திரும்பினாள்.

வாசலில் நின்றது. அவளுக்கு முதுகைக் காட்டி. அவள் கண் அவளைக் கேட்காமலே அளவெடுத்தது. தோள் பதினாலு. இடுப்பு இருபத்தாறு. ரயிலடியில் நிற்கிறவளுக்கு இப்போது இடுப்பு முப்பத்திரண்டு. இது அவள் இல்லை. இது யாருமில்லை. அந்தத் தெளிவு அவளிடம் கடைசி வரை இருந்தது. அதை யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை.

ஆனால் இது போய்விடவில்லை. ஒரு கால் வாசலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. நின்றுகொண்டிருந்தது. அங்கியின் முதுகு ஏறி இறங்கியது, அவள் விட்ட இரண்டு இன்ச்சில், தாராளமாக. பிறகு தைத்து மூடிய கழுத்து, தையல் இழுபட, மெதுவாக, மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

காத்திருந்தது.

அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. இன்னொன்று. ஆறும். மூச்சில்லாதவர்கள் எழுந்து நிற்கிறபோது துணி மட்டும்தான் உரசும். உப்பு நறநறத்தது.

அவள் முன்னால் நடந்தாள். இகழ்ச்சியாக ஒரு வார்த்தை தேடினாள். நாக்கில் ஒன்றும் இல்லை. கொக்கிகளும் கிண்ணங்களும் அக்காவின் வெறுமையும் எல்லாம் எங்கோ பின்னால் சுருங்கிப் போயிருந்தன. நீட்டிய கை நுனியைப் பிடித்தாள். அவளே மூடித் தைத்த நுனி. உள்ளே, துணிக்கு அடியில், ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து அவள் விரல்களுக்கு நடுவில் இடம் தேடிக்கொண்டன.

அவள் முதுகில் முதல் கை பட்டது. சாக்பீஸ் வாடை.

"அக்கா," என்றாள் அவள், பதினாறு வயதுக் குரலில், முகமில்லாத அந்தக் கழுத்தைப் பார்த்து. "என்னையும் கூட்டிட்டுப் போ."